பூட்டிய பீரோ நூல் நிலையம் ஆகாது!

கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ், வேலை நிரந்தரம். நமது சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல் எதை எடுத்துப் பார்த்தாலும் இவையே முன்னே நிற்கும். நிற்க வேண்டியவைதான். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும் என்று நாம் சொல்ல வருகிறோம். நம் பிள்ளைகள் படிக்கும் சர்க்கார் பள்ளிகளில் நூல் நிலையம் வேண்டும். அதை நடத்த, சம்பளம் வாங்கும் முழு நேர நூலகர் ஒருவர் வேண்டும் என்பதே அந்த வரி.

பட்டறையில் இரும்பு அடிக்கிறவனுக்கும் நூலகர் உத்தியோகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தோழர்கள் உண்டு. ஆசிரியர் சங்கம் பார்த்துக் கொள்ளட்டுமே என்பார்கள். அவர்களுக்கு முதலில் அமெரிக்காவில் நடந்த ஒரு வேலை நிறுத்தத்தின் கதையைச் சொல்லிவிடுகிறோம். டாலர் தேசத்தில்கூட இதற்காகத் தெருவில் நிற்க வேண்டியிருந்தது என்பதை நம்மவர்கள் அறிய வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். சினிமாவுக்குப் பேர் போன ஹாலிவுட் அங்கேதான் இருக்கிறது. பள்ளிகளைப் பொறுத்தவரை அமெரிக்காவின் இரண்டாவது பெரிய கல்வி நிர்வாகம் அது. 2011ஆம் ஆண்டு பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று சொல்லி, எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளி நூலகர்களுக்கு ஆட்குறைப்பு நோட்டீஸ் கொடுத்தார்கள். அந்த நூலகர்கள் ஆசிரியர் தகுதியும் பெற்றவர்கள், சர்வீஸ் உள்ளவர்கள். நூலகர் வேலை போனாலும் வகுப்பறைக்குத் திரும்பும் உரிமை தங்களுக்கு உண்டு என்றார்கள். அந்த உரிமையையும் பறிக்க நிர்வாகம் வழி தேடிற்று. ஒரு கட்டிடத்தின் நிலவறையில் விசாரணை நடந்தது. சுருக்கெழுத்தர் ஒரு பக்கம், துப்பாக்கியோடு போலீஸ்காரர் ஒரு பக்கம். நிர்வாகத்தின் வக்கீல்கள் ஒவ்வொரு நூலகராகக் கூப்பிட்டு, வருகைப் பதிவேடு எழுதினீர்களா, எழுதினீர்களா என்று குடைந்தார்கள். வருகைப் பதிவு எடுக்காதவர் ஆசிரியர் அல்ல. ஆசிரியர் அல்லாதவருக்கு வகுப்பறையில் இடமில்லை. இதுதான் வாதம்! ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் படிக்கும் பழக்கத்தை ஊட்டியவர்கள், குற்றவாளியைப் போல உட்கார்ந்து தாங்கள் ஆசிரியர்தாம் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

எட்டு ஆண்டு கழிந்தது. 2019 ஜனவரி 14ஆம் தேதி, அதே நகரத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1989க்குப் பிறகு அங்கே ஆசிரியர்கள் வேலை நிறுத்தம் செய்தது அதுவே முதல் தடவை. மழை கொட்டிக் கொண்டிருந்தது. குடையும் மழைச் சட்டையுமாகப் பள்ளி வாசல்களில் நின்றார்கள். என்ன கேட்டார்கள்? சம்பள உயர்வு கேட்டார்கள். அத்தோடு, ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல் அடைக்காதே என்றார்கள். வாரத்தில் ஒரு நாள் வந்து போகும் நர்ஸ் போதாது, தினமும் வேண்டும் என்றார்கள். நூலகர் வேண்டும் என்றார்கள். பெற்றோர் சோறும் ரொட்டியும் கொண்டு வந்து மறியல் வரிசையில் கொடுத்தார்கள்; தாங்களும் கூட நின்றார்கள்.

ஜனவரி 22ஆம் தேதி ஒப்பந்தம் ஏற்பட்டது. இங்கேதான் தொழிலாளித் தோழர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஒப்பந்தப்படி கிடைத்த சம்பள உயர்வு நூற்றுக்கு 6. நிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே நிர்வாகம் தருவதாகச் சொன்னதும் அதே 6தான்! அப்படியானால் ஆறு பள்ளி நாட்களின் சம்பளத்தை இழந்து அவர்கள் வென்றது என்ன? எல்லாப் பள்ளிகளுக்கும் முழு நேர நர்ஸ். எல்லா நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கும் முழு நேர நூலகர். வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கைக் குறைப்பு. தங்கள் பையில் விழாத, பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் லாபம் அது. வெறும் சம்பளச் சண்டை என்று ஊரார் சொல்ல முடியாமற் போனதற்கும், பெற்றோர் கூட வந்து நின்றதற்கும் காரணம் அதுவே. அந்த உறவு பிறகும் அறுந்துவிடவில்லை. 2023 மார்ச்சில் அதே பள்ளிகளில் பஸ் ஓட்டுபவர்களும், சமையற்கூடத்தில் வேலை செய்பவர்களும், பெருக்கித் துடைப்பவர்களும் மூன்று நாள் நிறுத்தம் செய்தபோது, ஆசிரியர்கள் அவர்களுக்காக வெளியே வந்தார்கள்.

வென்றதை எப்படிப் பறிப்பார்கள் என்பதற்கும் அதே தேசத்தில் உதாரணம் இருக்கிறது. டெக்ஸாஸ் மாநிலத்தின் மிகப் பெரிய பள்ளி நிர்வாகம் ஹூஸ்டன் நகரத்தினுடையது. 2023இல் மாநில சர்க்கார் அதைத் தன் கைக்குள் எடுத்துக் கொண்டது. மக்கள் தேர்ந்தெடுத்த குழுவை ஒதுக்கிவிட்டு, தான் நியமித்தவர்களை உட்கார வைத்தது. வந்தவர்கள் முதலில் கை வைத்த இடங்களுள் ஒன்று நூல் நிலையம். 28 பள்ளிகளில் நூலகர் பதவியை எடுத்துவிட்டார்கள். வகுப்பில் குழப்பம் செய்யும் பிள்ளைகளைக் கொண்டு போய் உட்கார வைக்கும் அறையாக நூல் நிலையத்தை மாற்றப் போவதாக அறிவித்தார்கள். பெற்றோர் கொதித்தெழுந்தார்கள், நகர மேயரே கண்டித்தார். யாருடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் அவை? பெரும்பாலும் கறுப்பின மக்கள், ஸ்பானிய மொழி பேசும் உழைப்பாளிகள் ஆகியோரின் பிள்ளைகள். அங்கே யாரும் புத்தகத்தைக் கொளுத்தவில்லை. அலமாரியும் புத்தகமும் இருந்த இடத்தில் இருந்தன. ஆளை மட்டும் எடுத்தார்கள். ஆளை எடுத்த மறுநாளே நூல் நிலையம் வெறும் அறையாகிவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நிறுத்தம் முடிந்த அதே 2019 ஜனவரி 22ஆம் தேதி, தமிழ்நாட்டில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ காலவரையற்ற வேலை நிறுத்தத்தைத் தொடங்கிற்று. பழைய பென்ஷன் திட்டம் உள்ளிட்ட அந்தக் கோரிக்கைகள் நியாயமானவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஊர்ப்புற நூலகர்களுக்குக் காலமுறைச் சம்பளம் வேண்டும் என்பதும் அவற்றுள் இருந்தது. ஆனால் அந்த நாட்களில் டீக்கடைகளில் நம் தோழர்களே என்ன பேசினார்கள்? "வாத்தியாருக்கு வாங்குகிற சம்பளம் போதவில்லையா?" என்றார்கள். சர்க்காரும் ஆசிரியர் சம்பளக் கணக்கைக் காட்டித்தான் ஊராரைத் திருப்பிற்று. பெற்றோர் வேறு, ஆசிரியர் வேறு என்று பிரிந்து நின்றோம். குற்றம் ஒரு பக்கத்தின் மேல் மட்டும் இல்லை. ஆசிரியர் சங்கங்கள் பிள்ளைக்கு நூலகர் வேண்டும் என்பதை முன்னே வைக்கவில்லை. நாமோ கேட்கவே இல்லை.

நம் பிள்ளை படிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குள் போய்ப் பாருங்கள். தலைமை ஆசிரியர் அறையில் ஓர் இரும்பு பீரோ இருக்கும். உள்ளே புத்தகங்கள் இருக்கும். நல்ல புத்தகங்களும் இருக்கும். அட்டை கலையாமல், முனை மடங்காமல், வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். பூட்டு தொங்கும். ஏன்? ஆசிரியர் கெட்டவரா? இல்லை. புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. தணிக்கைக்கு வருகிற உத்தியோகஸ்தர் எண்ணிப் பார்ப்பார். குறைந்தால் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை கையில் கொடுத்தால் கிழியும், தொலையும், வீட்டில் தம்பி கிறுக்குவான். கொடுக்காவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில், புள்ளிவிவரம் அனுப்பவும் பாடம் நடத்தவுமே நேரம் போதாதபோது, எந்த மனிதர் பீரோவைத் திறப்பார்? திறக்கிறவர்களும் இருக்கிறார்கள். தொலைந்த புத்தகத்துக்குத் தங்கள் கைப்பணத்தைப் போட்டுக் கணக்கை நேர் செய்கிறவர்கள். அவர்களுக்கு நமது வணக்கம். ஆனால் நல்லவர் ஒருவரின் தயவில் ஒரு நாட்டின் கல்வி நடக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் நூல் நிலையம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாளும் சஞ்சிகைகளும் எல்லாப் பாடங்களிலும் நூல்களும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நல்லது. அதே அட்டவணையில் இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை ஆசிரியர் என்ற கணக்கு இருக்கிறது. நூறு பிள்ளைகளுக்கு மேலிருக்கும் நடுநிலை வகுப்புகளுக்கு ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்வி சொல்லிக் கொடுக்கப் பகுதி நேரப் பயிற்றுநர்கள்கூட இருக்கிறார்கள். தேடித் தேடிப் பார்த்தாலும் நூலகர் என்ற சொல் மட்டும் இல்லை. புத்தகம் தானாக நடந்து பிள்ளையின் கைக்குப் போகும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள் போலும்! 2018 முதல் மத்திய சர்க்கார் சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.5,000 முதல் ரூ.20,000 வரை நூல் வாங்கப் பணம் ஒதுக்கிற்று. புத்தகத்துக்குப் பணம், ஆளுக்கு ஒரு காசும் இல்லை.

ஆளே வேண்டாம் என்பதுதான் டில்லியின் கொள்கையா என்றால், அதுவும் இல்லை. கேந்திரிய வித்யாலயாவுக்குப் போய்ப் பாருங்கள். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகளுக்காக 1963இல் தொடங்கிய பள்ளிகள் அவை. அங்கே நூலகர் என்ற பதவி இருக்கிறது. நூலக இயல் படித்தவரைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். முறையான சம்பளம் தருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில் நமக்கு வருத்தமில்லை. இன்னும் நன்றாகவே கிடைக்கட்டும். நாம் கேட்பது ஒன்றே. மாற்றலாகி வரும் அதிகாரியின் பிள்ளைக்கு நூலகர் வேண்டும் என்று அறிந்த சர்க்காருக்கு, செங்கல் சூளையில் வேலை செய்கிறவனின் பிள்ளைக்கும் வேண்டும் என்பது தெரியாமற் போனது எப்படி? அதிகாரியின் வீட்டிலாவது நாலு புத்தகம் இருக்கும், படித்துக் காட்டத் தாயும் தகப்பனும் இருப்பார்கள். இரவு ஷிப்ட் போகிறவனின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் புத்தகம் எங்கே?

மாநிலத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2022இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தேன்சிட்டு, ஊஞ்சல் என்ற இதழ்கள் வந்தன. 2023இல் வாசிப்பு இயக்கம் தொடங்கிற்று. நுழை, நட, ஓடு, பற என்று பிள்ளையின் தரத்துக்கு ஏற்ற சின்னச் சின்னப் புத்தகங்கள் அச்சாயின. அழகான புத்தகங்கள். வரவேற்றோம். ஆனால் அவற்றை எண்ணி வாங்கி, பிள்ளைக்குப் பிள்ளை பொருத்தம் பார்த்துக் கொடுத்து, திரும்ப வாங்கி, கிழிந்ததை ஒட்டி, அடுத்தது இது படி என்று சொல்வது யார் வேலை? மறுபடியும் அந்த இரண்டு ஆசிரியர்களின் தலையில்தான்.

ஆள் இல்லாமல் நூல் நிலையம் வைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலம் ஒரு தடவை பார்த்துவிட்டது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அன்றைக்கு 12,618 ஊராட்சிகள். கட்டிடம் வந்தது, அலமாரி வந்தது, புத்தகம் வந்தது. பார்த்துக் கொள்ள ஒருவரைச் சொற்ப மதிப்பூதியத்தில் வைத்தார்கள். அந்தத் தொகையில் யார் குடும்பம் நடத்த முடியும்? வந்தவர் வேறு பிழைப்புத் தேடிப் போனார். கதவில் பூட்டு தொங்க, திண்ணையில் ஆடு படுத்திருக்கும் அந்தக் கட்டிடங்களைப் பார்க்காத தோழர் நம்மில் குறைவு. திட்டம் தவறில்லை. ஆளின் சம்பளத்தில் சிக்கனம் பார்த்ததுதான் தவறு.

இது நம் மண்ணில் பிறந்த அறிவுதான். சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, லண்டன் சென்று அந்தத் தொழிலைக் கற்று வந்தார். புத்தகம் காத்து வைக்கும் பொருள் அல்ல, புழங்க வேண்டிய பொருள் என்ற கொள்கையை முதலில் வைத்து, 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளை உலகமே படிக்கிறது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்ததற்கு அவரது உழைப்பே ஆதாரம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து நாம் கட்டி வருவது அந்தச் சட்டத்தினால்தான். அந்த வரிப் பணம் ஊர்ப் பொது நூலகங்களுக்கு உரியது. அதில் ஒரு பங்கைப் பிய்த்துப் பள்ளிக்குத் தருகிறோம் என்று நாளை யாராவது மந்திரி கிளம்பினால் ஒப்புக் கொள்ள வேண்டாம். பள்ளி நூலகரின் சம்பளம் கல்வி இலாகாவின் பட்ஜெட்டில், ஆசிரியர் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.

படிப்பவருக்குச் சம்பளம் வேண்டும் என்ற இந்த விஷயத்தைத் தொழிலாளி வர்க்கம் யாரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை. கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கூடங்களை வயதான தோழர்கள் அறிவார்கள். எல்லோரும் பீடி சுற்ற, ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். படித்துக் கொண்டிருந்தால் அவர் கூலி போய்விடுமே? மற்றவர்கள் தாங்கள் சுற்றிய பீடியில் ஒரு பங்கை அவர் கணக்கில் வைத்தார்கள். முதலாளி கொடுக்கவில்லை, சர்க்கார் கொடுக்கவில்லை. அரை வயிற்றுக் கூலிக்காரர்கள் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகளிடம் வந்து, புத்தகம் தந்தாயிற்று, ஆளெதற்கு என்று இலாகா கேட்குமானால், அதற்குப் பதில் சொல்ல நமக்குத் தெரியும்.

"எல்லாம் செல்போனில் இருக்கிறதே" என்பார் சிலர். இருக்கிறது, பொய்யும் மெய்யும் கலந்து இருக்கிறது. எது பொய், எது மெய் என்று பிரித்துப் பார்க்கப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லித் தர ஒருவர் வேண்டும் என்பதற்கு அது இன்னொரு காரணமே ஆகும்.

பணம் எங்கே என்பார் சிலர். 1956இல் காமராஜர் காலத்தில் பகல் உணவு வந்ததும், 1982இல் சத்துணவு வந்ததும், 2022இல் காலைச் சிற்றுண்டி வந்ததும் கஜானா நிரம்பி வழிந்ததனால் அல்ல. வேண்டும் என்று முடிவு செய்தார்கள், பணம் வந்தது. ஒரே ஆண்டில் முப்பத்தேழாயிரம் சர்க்கார் பள்ளிக்கும் நூலகரைப் போடு என்று நாமும் கேட்கவில்லை. மேல்நிலைப் பள்ளிகளில் தொடங்கட்டும். பிறகு உயர்நிலைப் பள்ளிகள். தொடக்கப் பள்ளிகளில் அருகருகே இருப்பவற்றுக்கு ஒருவர், நாள் முறை வைத்துச் செல்லட்டும். ஆனால் ஒன்றில் விட்டுக் கொடுக்கக் கூடாது. மதிப்பூதியம், தொகுப்பூதியம், தற்காலிகம் என்ற பேச்சுக்கு இடமில்லை, காலமுறைச் சம்பளம்தான். முறையான காலமுறைச் சம்பளத்துக்காகச் சத்துணவு ஊழியர்கள் எத்தனை ஆண்டு தெருவில் நின்றார்கள் என்பதை மறந்துவிட்டு, அதே குழியில் இன்னொரு கூட்டத்தைத் தள்ள நாம் துணை போகலாகாது. நூலக இயலில் பட்டம் வாங்கிவிட்டுத் துணிக்கடையில் நிற்கும் இளைஞர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இனித் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அதாவது நம் வீட்டார்கள். எழுந்து நின்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பீரோவில் எத்தனை புத்தகம் இருக்கிறது? கடைசியாக எந்தத் தேதியில் ஒரு பிள்ளையின் கைக்குப் புத்தகம் போயிற்று? கொடுப்பதற்கென்று யார் இருக்கிறார்? ஆசிரியரை மடக்குவதற்காகக் கேட்க வேண்டாம். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு கேளுங்கள். பதிலை எழுதி, நூலகர் பதவி வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கல்வி இலாகாவுக்கு அனுப்புங்கள். அதே தீர்மானத்தை மே 1ஆம் தேதி கூடும் கிராம சபையிலும் வையுங்கள். அன்று காலை கொடியேற்றிவிட்டு நேரே சபைக்குப் போகலாம். ஆலைச் சங்கங்களின் வருடாந்தர மாநாடுகளிலும் இது வர வேண்டும். ஆசிரியர் சங்கத் தோழர்களை அழைத்துப் பேச வைக்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் கிடைத்த மூன்று பதில்களையும் ஒரு கார்டில் எழுதி நமது அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பள்ளியின் பெயரும் ஒன்றியத்தின் பெயரும் போதும், ஆசிரியர் பெயர் வேண்டாம். ஒன்றியவாரியாக இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.